பெட்டி வடிவ எதிர்கால எழுத்துரு: யூரோஸ்டைல் முதல் ஆர்பிட்ரான் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசைன் படிக்க வரும் பிள்ளைகள், டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள், யூடியூப் சேனலுக்குத் தலைப்பு செய்கிறவர்கள், கடைக்குப் போர்டு எழுதக் கொடுப்பவர்கள் என்று பலரும் இந்த எழுத்துருக்களைப் பற்றி என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய சந்தேகங்கள், போகப் போகச் சிக்கலானவை.

1. ஸ்பேஸ் படங்கள்ல பெட்டி பெட்டியா ஒரு இங்கிலீஷ் எழுத்து வருமே, அது பேரு என்னண்ணா?

பெரும்பாலும் அது யூரோஸ்டைல், இல்லையென்றால் அதன் மூத்த வடிவமான மைக்ரோகிராமா. இரண்டும் இத்தாலியின் டூரின் நகரில் இருந்த நெபியோலோ என்ற எழுத்து வார்ப்பகத்தில் பிறந்தவை. ஈயத்தில் எழுத்து வார்த்து அச்சகங்களுக்கு விற்ற காலம் அது. 1952இல் அலெஸ்ஸாந்த்ரோ புத்தியும் ஆல்டோ நோவாரெஸேயும் மைக்ரோகிராமாவை வரைந்தார்கள். அதில் சின்ன எழுத்துகளே கிடையாது, பெரிய எழுத்துகள் மட்டும்தான். புத்தி 1959இல் காலமானார். 1962இல் நோவாரெஸே அதே வடிவத்துக்குச் சின்ன எழுத்துகளையும் வரைந்து, குடும்பத்தை விரித்து, யூரோஸ்டைல் என்று வெளியிட்டார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்பிட்ரானும் மைக்ரோமாவும் இந்த வழியில் வந்தவை. ஆர்பிட்ரானை வரைந்தவர் மேட் மெக்கினர்னி. யூரோஸ்டைலுக்கும் பேங்க் காதிக் என்ற பழைய அமெரிக்க எழுத்துருவுக்கும் மாற்றாக ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. மைக்ரோமா வெர்னன் ஆடம்ஸின் வேலை, மைக்ரோகிராமாவை முன்னால் வைத்துக்கொண்டு வரையப்பட்டது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன.

2. "டிஸ்ப்ளே ஃபான்ட்"னு போட்டிருக்கே, அப்படின்னா மொபைல் டிஸ்ப்ளேவுக்குன்னு செஞ்சதா?

இல்லை. இங்கே டிஸ்ப்ளே என்றால் திரை என்று பொருள் இல்லை. தலைப்பு, போஸ்டர், பெயர்ப்பலகை, லோகோ என்று பெரிய அளவில் சில சொற்களை மட்டும் காட்டுவதற்கான எழுத்துரு என்று அர்த்தம். பத்தி பத்தியாகப் படிப்பதற்கு வரையப்படுவது வேறு இனம்.

இரண்டுக்கும் நோக்கமே வேறு. படிப்பதற்கான எழுத்து கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று, சொல்லின் பொருளை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். தலைப்பு எழுத்து முதலில் தன்னைப் பார்க்க வைக்க வேண்டும். ஆர்பிட்ரானில் ஒரு பக்கக் கட்டுரையை அமைத்துவிட்டு "படிக்கவே முடியலையே" என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த எழுத்துக்குக் கொடுக்கக் கூடாத வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

3. ஜியோமெட்ரிக்னா வட்டம், சதுரம் வச்சு வரையறதுதானே? அப்போ ஃப்யூச்சுராவும் இதே வகையா?

சொந்தக்காரர்கள்தான், ஆனால் வேறு வீடு. ஃப்யூச்சுரா 1927இல் ஜெர்மனியில் பவுல் ரென்னர் வரைந்தது. அதன் அடிப்படை வட்டமும் முக்கோணமும் நேர்கோடும். அதில் ஓ எழுத்து கிட்டத்தட்ட முழு வட்டம். யூரோஸ்டைலின் ஓ முனை மழுங்கிய சதுரம். தமிழில் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல நான் "வட்ட இனம்", "பெட்டி இனம்" என்பேன். இந்தப் பக்கம் முழுவதும் பெட்டி இனத்தைப் பற்றியது.

பெட்டி இனத்துக்கு இன்னும் மூத்தவர் ஒருவர் உண்டு: அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1930இல் வரைந்த பேங்க் காதிக். அதிலும் சின்ன எழுத்துகள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்துகளே குட்டி அளவில் இருக்கும்.

4. சதுரம்னு சொல்றீங்க. ஆனா பக்கத்துல வச்சுப் பார்த்தா ஓரமெல்லாம் லேசா வளைஞ்ச மாதிரி இருக்கே?

நல்ல கண் உங்களுக்கு. இந்த எழுத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சதுரத்தின் நான்கு மூலைகளையும் கம்பாஸ் வைத்து உருட்டினால் கிடைக்கும் வடிவம் வேறு, மைக்ரோகிராமாவின் வடிவம் வேறு. மூலையை மட்டும் உருட்டினால் நேர்கோடு ஒரு புள்ளியில் திடீரென்று முடிந்து வளைவு தொடங்கும். அந்த இடத்தில் கண்ணுக்கு ஒரு முட்டு தெரியும். மைக்ரோகிராமாவில் பக்கக் கோடே மிக மெல்லப் பிதுங்கி, வளைவு அதிகரித்துக்கொண்டே போய் மூலையில் திரும்புகிறது. எங்கே நேர்கோடு முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

கணிதத்தில் இதற்கு நெருங்கிய உறவு சூப்பர் எலிப்ஸ். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கேப்ரியல் லாமே 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த வளைவுக் குடும்பம் அது. நீள்வட்டச் சமன்பாட்டில் அடுக்கு 2. அதை 2.5 ஆக்கினால் வட்டத்துக்கும் செவ்வகத்துக்கும் நடுவில் ஒரு வடிவம் வரும். அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் செவ்வகத்தை நெருங்கும். டென்மார்க்கின் பீட் ஹெய்ன் 1959இல் ஸ்டாக்ஹோம் நகரச் சதுக்கம் ஒன்றின் வடிவத்துக்கு இதைப் பரிந்துரைத்த பிறகுதான் உலகம் இந்த வளைவைக் கவனித்தது. டூரின்காரர்கள் அதற்கு ஏழு ஆண்டு முன்பே எழுத்தில் இந்த வளைவுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வருத்தம் என்னவென்றால், ஈயத்திலிருந்து கணினிக்கு மாற்றியபோது இந்த நுட்பமான பிதுக்கம் பெரும்பாலும் தட்டையாகிப் போனது. 2008இல் லினோடைப் என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக அகிரா கோபயாஷி மீண்டும் வரைந்த யூரோஸ்டைல் நெக்ஸ்ட் தொலைந்த வளைவுகளைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய டிஜிட்டல் யூரோஸ்டைலின் ஓவையும் நெக்ஸ்டின் ஓவையும் ஒரே அளவில், பெரிதாக, அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது விறைப்பாக நிற்கும், இரண்டாவது மூச்சு விடும்.

5. ஏன் இதைப் பார்த்தாலே எதிர்காலம்னு தோணுது? எழுத்துல அப்படி என்ன இருக்கு?

பாதி வடிவம், பாதி வரலாறு. 1950களிலும் 60களிலும் புதுமை என்று வீட்டுக்குள் வந்த பொருள்களை நினைத்துப் பாருங்கள். பழைய தொலைக்காட்சித் திரை, ரேடியோவின் முகப்பு, விமான ஜன்னல், கார் டாஷ்போர்டு எல்லாமே மூலை மழுங்கிய பெட்டிகள். அந்த வடிவத்தில் எழுத்தும் வந்தபோது அது இயந்திர யுகத்தின் கையெழுத்தாகத் தெரிந்தது. கோட்டின் தடிமன் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், பேனாவின் ஏற்ற இறக்கம் எங்கேயும் தெரியாததும், கை படாமல் செய்யப்பட்டது போன்ற உணர்வைக் கொடுக்கின்றன.

மறுபாதியைச் செய்தது சினிமா. 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படமான 2001இல் விண்கலத்துக்குள் யூரோஸ்டைல் போல்டு எக்ஸ்டெண்டட், அதாவது அதன் தடித்த, அகலமான வடிவம், வந்தது. அதன் பிறகு கலை இயக்குநர்களுக்கு "இது எதிர்காலம்" என்று ஒரே நொடியில் சொல்ல இது சுருக்குவழியாகிவிட்டது. கையில் கிடைத்ததும் ஒரு காரணம்: தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களில் இந்த எழுத்துகள் விற்பனைக்கு இருந்தன. மாதிரி விண்கலம் செய்கிறவர் அச்சகத்துக்குப் போகாமலேயே அதன் பக்கவாட்டில் எண்ணைத் தேய்த்து ஒட்டிவிடலாம்.

6. அப்போ நிஜ நாசாவும் இதைத்தான் யூஸ் பண்ணுதா?

1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டு வந்த உலோகப் பலகையில் இருப்பது ஃப்யூச்சுரா, அதாவது 3ஆம் பதிலில் சொன்ன வட்ட இனம். 1975இல் வந்த நாசாவின் சிவப்பு "வார்ம்" லோகோ தனியாக வரையப்பட்டது. ஒரே தடிமனில் புழுபோல நெளியும் கோடு, ஏ எழுத்துகளில் குறுக்குக் கோடு கிடையாது. எந்த ஃபான்ட்டிலும் அடித்து எடுக்கக்கூடியதல்ல. பெட்டி இனத்துக்கு விண்வெளி அடையாளத்தைக் கொடுத்தது திரைப்படம்தான்.

7. பேங்க் செக் அடியில ஒரு மாதிரி கம்ப்யூட்டர் நம்பர் இருக்கே, அதுவும் இதே குடும்பமா?

குடும்பமே வேறு. காசோலையின் அடியில் இருப்பது ஈ-13பி என்ற எண் வடிவம். 10 எண்கள், 4 குறிகள், மொத்தம் 14 உருக்கள்தான். காந்த மையில் அச்சிட்டு இயந்திரம் படிப்பதற்காக ஒவ்வொரு உருவிலும் வெவ்வேறு இடத்தில் கோட்டைத் தடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பாணியைப் பார்த்து முழு அகரவரிசையும் வரைந்த எழுத்துருக்கள் பின்னால் வந்தன. அவை "பழைய கம்ப்யூட்டர்" உணர்வைத் தரும். யூரோஸ்டைல் மனிதக் கண்ணுக்காக வரையப்பட்டது. இரண்டையும் ஒரே போஸ்டரில் கலக்காதீர்கள்.

8. சின்ன சைஸ்ல போட்டா ஏன் எல்லா எழுத்தும் ஒண்ணு போலவே தெரியுது?

எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்ததால்தான். சாதாரண எழுத்துருவில் சி, ஜி, ஓ, கியூ நான்குக்கும் வெளிக்கோடு கொஞ்சம் கொஞ்சம் மாறும். இங்கே நான்கும் ஒரே பெட்டி. சி எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு சிறு வாய், ஜிக்கு அந்த வாய்க்குள் ஒரு நாக்கு, கியூவுக்குக் கீழே ஒரு வால். பெரிதாக இருக்கும்போது இந்த ஒற்றை வித்தியாசம் போதும். 9 புள்ளி அளவில் வாய் அடைத்துக்கொள்ளும், நாக்கு கரைந்துபோகும்.

விசிட்டிங் கார்டில் கம்பெனிப் பெயருக்கு மட்டும் இதை வையுங்கள். முகவரி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் வாய் அகலத் திறந்த சாதாரண எழுத்துரு ஒன்றைத் துணைக்கு எடுங்கள்.

9. கடை போர்டுல போன் நம்பரையும் ஆர்பிட்ரான்ல போட்டேன். கஸ்டமர் தப்பு நம்பருக்கு அடிக்கிறாங்க. ஃபான்ட் பிரச்சினையா?

பெரும்பாலும் ஆமாம். பெட்டி இன எண்களை ஒரு முறை பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். முழுக்க மூடிய 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கம் இரண்டும் திறந்தால் 3. மேல் வலப்பக்கம் திறந்தால் 6. கீழ் இடப்பக்கம் திறந்தால் 9. மேல் வலமும் கீழ் இடமும் திறந்தால் 5. மேல் இடமும் கீழ் வலமும் திறந்தால் 2. நடுக்கோட்டை எடுத்துவிட்டால் 0. ஏழு எண்களுக்கு ஒரே எலும்புக்கூடு. வித்தியாசம் ஒரு சின்னத் திறப்பு மட்டும்.

ஓடும் பேருந்திலிருந்து பார்க்கிறவருக்கு அந்தத் திறப்பு தெரியாது. இரவில் பின்னால் விளக்கு எரியும் போர்டாக இருந்தால் ஒளி கசிந்து திறப்பை இன்னும் அடைத்துவிடும். சொல்லில் ஓர் எழுத்து தெளிவில்லாவிட்டாலும் அக்கம்பக்க எழுத்துகளை வைத்து மனம் ஊகித்துக்கொள்ளும். தொலைபேசி எண்ணில் அந்த உதவி கிடையாது. ஆகவே எண்ணுக்கு எப்போதும் சாதாரண எழுத்துரு, அதுவும் 5 இலக்கத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு. இந்த ஒரு விஷயத்தில் அழகுக்காக விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

10. எக்ஸ்டெண்டட் வெர்ஷன் என்கிட்ட இல்ல. சாதாரணத்தையே ரெண்டு பக்கமும் இழுத்து விட்டா போதாதா?

போதாது. பார்த்தவுடன் தெரிந்துவிடும். எழுத்தைப் பக்கவாட்டில் 150 விழுக்காடு இழுத்தால் நிற்கும் கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும், படுத்த கோடுகள் இருந்தபடியே இருக்கும். ஒரே தடிமன்தான் இந்த எழுத்தின் முகம் என்று 5ஆம் பதிலில் சொன்னேன். இழுத்ததும் முதலில் போவது அதுதான். 4ஆம் பதிலில் பார்த்த மூலை வளைவும் நசுங்கிப் படுத்துவிடும்.

உண்மையான அகல வடிவத்தில் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்தவர் தனியாகச் சரிசெய்திருப்பார். அது கையில் இல்லையென்றால் மைக்ரோமாவை எடுங்கள். இயல்பிலேயே அகலமானது, விலையும் இல்லை.

11. ஒரே தடிமன்னு சொல்றீங்க. நான் அளந்து பார்த்தேன், படுத்த கோடு கொஞ்சம் மெலிசா இருக்கே?

சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். உண்மையிலேயே சம தடிமனில் வரைந்தால் படுத்த கோடு தடித்துத் தெரியும். நம் கண்ணின் இயல்பு அது. அதனால் நல்ல வரைஞர்கள் படுத்த கோட்டைக் கொஞ்சம் இளைக்க வைத்து, பார்வைக்கு ஒன்றாக்குவார்கள். அளவுகோலுக்குச் சரியாக இருப்பதைவிடக் கண்ணுக்குச் சரியாக இருப்பதுதான் முக்கியம். அவசரத்தில் செய்த இலவச எழுத்துருக்களில் இந்தத் திருத்தம் இருக்காது. எழுத்துரு தரமானதா என்று பார்க்க நான் முதலில் அளப்பது இதைத்தான்.

12. லைட்டா, போல்டா, பிளாக்கா? எதை எடுக்கறது?

ஆர்பிட்ரானில் கூகுள் ஃபான்ட்ஸ் தருவது 400 முதல் 900 வரை. மைக்ரோமாவில் ஒரே தடிமன், தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. ஃபிளக்ஸ், கடைப் பலகை, வெயிலில் நிற்கும் எதுவானாலும் போல்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஒரு படி மெலிந்ததை எடுங்கள், ஏனென்றால் இருட்டில் வெளிச்சம் விரிந்து தெரியும். பிளாக் எடைக்கு, அதாவது மிகத் தடித்த வடிவத்துக்கு, எழுத்தின் உள்ளே வெற்றிடம் குறைவு. மூன்று நான்கு எழுத்துள்ள பெயருக்கு அது கம்பீரம், அதற்கு மேல் போனால் கறுப்புக் கட்டையாகிவிடும்.

13. எழுத்துக்கு நடுவுல கேப் எவ்வளவு விடணும்?

பெரிய எழுத்துகளில் மட்டும் அமைத்தால் கொஞ்சம் விலக்கியே ஆக வேண்டும். ட்ராக்கிங்கில், அதாவது சொல் முழுவதற்கும் எழுத்திடைவெளியைக் கூட்டும் அமைப்பில், 20 முதல் 50 வரை வைத்துத் தொடங்கி, கண்ணால் பார்த்து ஏற்றுங்கள். திரைப்படத் தலைப்புபோல 200, 300 என்று அள்ளி வீசுவது சொல் குட்டையாக இருந்தால் மட்டும் எடுபடும். நீளமான சொல்லில் அப்படிச் செய்தால் எழுத்துகள் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிந்து சொல்லே காணாமல் போகும்.

இரண்டிரண்டு எழுத்தாக இடைவெளியைச் சரிசெய்யும் கர்னிங்கில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பெட்டி எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இணைகோடுகளுக்கு நடுவில் சீரான இடைவெளி ஓடிக்கொண்டே வரும். நடுவில் ஏ, வி, எல் போன்ற ஒன்று வந்தால் அந்தச் சீர் உடைந்து ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். அந்த ஜோடிகளைக் கையால் நெருக்குங்கள். பெரிய அளவில் அச்சாகும் எதையும் கணினியின் தானியங்கிக் கணக்கோடு விட்டுவிடக் கூடாது.

14. ஆர்பிட்ரான் செலக்ட் பண்ணி தமிழ்ல அடிச்சா பெட்டி பெட்டியா வருது, இல்லன்னா வேற ஃபான்ட்ல வருது. என்ன பண்ணணும்?

எதுவும் பழுதாகவில்லை. ஆர்பிட்ரான், மைக்ரோமா, யூரோஸ்டைல் எதிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்தால் மென்பொருள் அந்த எழுத்தை எழுத்துருவுக்குள் தேடும், கிடைக்காதபோது கணினியில் இருக்கும் வேறு தமிழ் எழுத்துருவைக் கொண்டு நிரப்பும். அதுவும் இல்லையென்றால் வெற்றுப் பெட்டி.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரைக்கு ஆர்பிட்ரானைப் பூட்டினால் தமிழே போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல் வரும். பாமினியில் தமிழ் உருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அப்படி. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு எழுத்துருவைத் தேடுங்கள்.

15. சரி, ஆர்பிட்ரான் பக்கத்துல எந்தத் தமிழ் ஃபான்ட் வச்சா பொருந்தும்?

என் முதல் பரிந்துரை ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு செய்த அனேக் தமிழ். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அதில் தடிமன் 100 முதல் 800 வரை மாறுவதோடு அகலமும் 75 முதல் 125 வரை மாறும். பெட்டி இன ஆங்கிலம் அகலமானது என்பதால் தமிழையும் அகலப் பக்கமாக நகர்த்தினால் இரண்டும் ஒரே மூச்சில் வந்த மாதிரி நிற்கும். 10ஆம் பதிலில் சொன்ன இழுவைக் கோளாறும் இதில் வராது, ஏனென்றால் அகல வடிவத்தையே வரைந்து வைத்திருக்கிறார்கள். எளிமையாக வேண்டுமென்றால் கேட்டமரான் என்ற தமிழ் எழுத்துருவின் தடித்த எடையைப் பாருங்கள்.

எழுத்துருவைத் தேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்போது அதே புள்ளி அளவில் வைத்த தமிழ் சிறுத்துத் தெரியும். "ப"வின் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு, தமிழைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பெரிதாக்கினால் கோடும் தடிக்கும், அதற்கேற்ப எடையில் ஒரு படி இறங்குங்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது மேலும் கீழும் உள்ள இடம்: தமிழில் மேலே "கீ"யின் சுழி, கீழே "ழு"வின் வால். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மட்டும் கணக்கிட்ட பட்டைக்குள் இவை அடங்காது.

16. தமிழையே இதே மாதிரி சதுரமா எழுதினா என்ன? சினிமா டைட்டில்ல பண்றாங்களே?

தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஆங்கிலப் பெட்டியை அப்படியே மேலே கவிழ்க்க முடியாது. ட, ப, ம, ய ஆகியவை பெட்டிக்குள் கேட்காமலேயே வந்து உட்காரும். சோதனை தொடங்குவது அதன் பிறகு.

"ர"வையும் துணைக்காலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வாசற்கால் வடிவம், வித்தியாசம் "ர"வின் காலடியில் இருக்கும் சிறு சாய்கோடு. பெட்டிக்குள் அடங்கவில்லை என்று அதை வெட்டினால் "கரம்" என்பதும் "காம்" என்பதும் ஒன்றாகிவிடும். "ண", "ன" இரண்டையும் பிரிப்பது சுழிகளின் எண்ணிக்கை. சுழிகளைச் சதுரமாக்கி நெருக்கும்போது அவற்றை எண்ண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். "ழ"வின் வாலை மேலே மடக்கிவிட்டால் "மு" என்று படிக்கிறார்கள். "ஏ"வின் கால் தேய்ந்தால் "எ" ஆகிவிடும். புள்ளியைச் சதுரமாக்கலாம், அதில் ஆபத்தில்லை, அழகாகவும் இருக்கும்.

உகரம்தான் பெரிய வேலை. கு, சு, டு, து, பு, று என்று எழுதிப் பாருங்கள், குறி பல விதமாக ஒட்டிக்கொள்கிறது. 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 உருக்கள். ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் தனித் தீர்வு தேவை. ஒரு படத் தலைப்புக்கு ஆறேழு எழுத்து வரைவது வேறு, முழு எழுத்துரு செய்வது வேறு என்பது இங்கேதான் தெரியும். என் கருத்தில் "ஐ", "ஞ", "ஜ" போன்றவற்றை முழுச் சதுரமாக்க முயலக் கூடாது. வெளிக்கோட்டைப் பெட்டியாக்கி உள்ளே சுழியை வளைவாகவே விட்டால் எழுத்தும் பிழைக்கும், பாணியும் பிழைக்கும். 4ஆம் பதிலின் பிதுங்கிய சதுரம் தமிழுக்கு மிகவும் உதவும், வளைவும் நேர்கோடும் அதில் சண்டையில்லாமல் சேரும்.

17. கையால வரைஞ்ச லோகோவுக்கு ரவுண்டட் ரெக்டாங்கிள் டூல் யூஸ் பண்றேன். நீங்க சொல்ற அந்தப் பிதுக்கம் எப்படிக் கொண்டு வர்றது?

அந்த டூலை விட்டுவிட்டு ஒரு வட்டத்தில் தொடங்குங்கள். வட்டத்துக்கு மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு நோடுகள், அதாவது கோட்டைப் பிடித்திருக்கும் புள்ளிகள், இருக்கும். ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் வளைவை இழுத்து மாற்றும் ஹேண்டில். முழு வட்டத்தில் ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் சுமார் 55 விழுக்காடு. அதை 69க்குக் கொண்டுபோனால் 4ஆம் பதிலில் வந்த 2.5 அடுக்கு வளைவுக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். 80, 85 என்று ஏற்றினால் பெட்டித்தனம் கூடும். நான்கு நோடிலும் ஒரே விகிதத்தில் நீட்ட வேண்டும்.

உள்கோட்டை வெளிக்கோட்டின் நகலாகச் சுருக்கி வைக்காதீர்கள், மூலையில் தடிமன் பிசகும். தனியாக வரைந்து, 11ஆம் பதிலில் சொன்னபடி மேலும் கீழும் கோட்டைச் சற்று இளைக்க விடுங்கள். ஐபோனின் ஆப் சின்னங்களில் 2013இல் வந்த மாற்றமும் இதே வகைதான். கம்பாஸ் மூலையை விட்டுத் தொடர்ந்து திரும்பும் மூலைக்குப் போனார்கள்.

18. முழுக்க நேர்கோட்டுலயே, வளைவே இல்லாம ஒரு ஃபான்ட் செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் விம் க்ரோவெல் 1967இல் நியூ ஆல்ஃபபெட் என்று ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலக் கதோட் கதிர்க்குழாய் (பழைய டிவியின் திரைக்குழாய்) எழுத்தமைப்புக் கருவிகளில் வளைவு சிதைந்து வந்தது. அப்படியானால் கருவிக்கேற்ப எழுத்தையே மாற்றினால் என்ன என்று கேட்டு, கிடையும் நிலையுமான கோடுகளோடு, மூலையில் மட்டும் சாய்வு வைத்து வரைந்தார். பல எழுத்துகளைப் பழகாமல் படிக்கவே முடியாது. அவருக்கும் அது தெரியும், ஒரு வாதமாகத்தான் முன்வைத்தார். அதைக் கடைப் பலகையில் வைக்க முடியாது, ஆனால் எழுத்து எவ்வளவு தூரம் நீளும், எங்கே அறும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

19. யூரோஸ்டைல் ஃப்ரீ டவுன்லோடுன்னு நிறைய இடத்துல கிடைக்குதே, எடுத்துக்கலாமா?

வேண்டாம். யூரோஸ்டைலும் யூரோஸ்டைல் நெக்ஸ்டும் உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டியவை. வாடிக்கையாளரின் லோகோவில் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் நாளை பதில் சொல்ல வேண்டியவர் அவர். "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்" என்று போட்டிருப்பவையும் கடைப் பலகைக்கு ஆகாது.

ஆர்பிட்ரான், மைக்ரோமா, அனேக் மூன்றும் திறந்த எழுத்துரு உரிமமான ஓஎஃப்எல்லில் இருக்கின்றன. லோகோ, ஃபிளக்ஸ், ஆப், டி-ஷர்ட் என்று எதிலும் வணிகமாகவே பயன்படுத்தலாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

20. இது இப்போ பழசாயிடலையா சார்? எல்லா கேமிங் சேனலும் இதைத்தான் வச்சிருக்கு.

ஒளிரும் நீலக் கோடும் குரோம் பளபளப்பும் சேர்த்த வடிவம் அலுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தின் மேல் அந்த அலங்காரத்தை ஏற்றினால் 8ஆம் பதிலில் சொன்ன வாயும் நாக்கும் மூடிப்போகும். அலங்காரத்தை நீக்கி, ஒரே நிறத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு ஒரே ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். 1952இல் வரைந்த வடிவம் இன்றும் கூர்மையாக நிற்கும்.

எங்கே வேண்டாம் என்றும் சொல்கிறேன். இயற்கை உணவு, கைத்தறி, சித்த மருத்துவம், குழந்தைகள் பள்ளி போன்றவற்றுக்குக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். மின்னணுக் கடை, கராஜ், ரோபாட்டிக்ஸ் வகுப்பு, இசை நிகழ்ச்சி, அறிவியல் விழா என்றால் மகிழ்ச்சியோடு எடுப்பேன்.

21. ஆர்பிட்ரானுக்கு நானே தமிழ் எழுத்து வரைஞ்சு சேர்த்து வெளியிட்டா தப்பா?

தப்பில்லை, ஓஎஃப்எல் அதை அனுமதிக்கிறது. மூன்று விதிகளைக் கவனியுங்கள். நீங்கள் வெளியிடுவதும் அதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும். மூல எழுத்துருவின் காப்புரிமைக் குறிப்பையும் உரிம உரையையும் கோப்போடு வைத்திருக்க வேண்டும். உரிம உரையின் தொடக்கத்தில் ஒதுக்கிய பெயர் என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால் அந்தப் பெயரை உங்கள் எழுத்துருவுக்கு வைக்கக் கூடாது, புதுப் பெயர் சூட்ட வேண்டும்.

தொடங்குகிறவர்கள் ப, ர, ண, ழ, கு, ஞ என்ற ஆறிலிருந்து தொடங்குங்கள். 16ஆம் பதிலில் சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஆறுக்குள் வந்துவிடும். இவை ஒரே தடிமனில், ஒரே வளைவில், 24 புள்ளி அளவில் அச்சிட்டும் குழப்பமில்லாமல் படிக்க முடிந்தால் மீதியை வரையலாம். முடியவில்லை என்றால் பெட்டியின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட அகலமான பெட்டி தேவைப்படும்.